அஞ்சுக்கு அஞ்சா, மூணுக்குப் பத்தா?

போன வாரம் ராத்திரி ஒன்பது மணிக்கு மருமகன் போன் பண்ணான். அக்கா மகன். சென்னையில் கம்ப்யூட்டர் வேலை. மாட்டுக்கு வைக்கோல் போட்டுட்டு அப்பத்தான் கை கழுவுறேன். நலம் விசாரிப்பெல்லாம் ஒன்றும் கிடையாது.

"மாமா, அஞ்சுக்கு அஞ்சு நல்லதா, மூணுக்குப் பத்து நல்லதா?"

வெளியே கேட்டுக்கிட்டு இருந்த என் வீட்டுக்காரம்மா ஏதோ நாற்று இடைவெளி பேசுறோம்னு நினைச்சிருக்கும். அவன் கேட்டது எடை தூக்குற கணக்கு. ஜிம்முக்குப் போகிறவர்களுக்குத் தெரியும். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். ஒரு எடையை ஒரு தடவை தூக்கி இறக்கினால் அது ஒரு ரெப். நிறுத்தாமல் தொடர்ந்து பத்துத் தடவை செய்து கீழே வைத்தால் அது ஒரு செட். அப்படி மூணு செட் செய்தால் மூணுக்குப் பத்து. கொஞ்சம் கூடுதல் எடையை அஞ்சஞ்சு தடவையாக அஞ்சு செட் செய்தால் அஞ்சுக்கு அஞ்சு.

நான் திருப்பிக் கேட்டேன். "நீ எதுக்கு மாப்ள தூக்குற?"

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. "சும்மா... ஃபிட்டா இருக்கத்தான் மாமா" என்றான்.

அந்த 'சும்மா'வில்தான் எல்லாச் சிக்கலும் இருக்கு என்பது என் கட்சி. அதைத்தான் இன்றைக்கு எழுதப் போகிறேன். நாற்பத்தேழு வயது சம்சாரி ஒருத்தன் ஜிம் பற்றி எழுதுறதான்னு சிரிக்காதீங்க. ஊரில் ஏற்கெனவே சிரித்து முடித்துவிட்டார்கள்.

"வயக்காட்டு வேலை பத்தலையாக்கும் உனக்கு? இரும்பைத் தூக்கி இரும்பை வைக்கிறியே, அந்த நேரத்துக்கு ஒரு வரப்பை வெட்டலாம்ல" என்று டீக்கடையில் பெரியப்பா கேட்டார். நியாயமான கேள்விதான். பதில் சொல்ல எனக்கு ஒரு வருஷம் ஆனது.

விவசாய வேலை உடம்பை வளர்க்கும் என்பது பாதி உண்மை. வேலைக்குப் பழகும் வரைக்கும் வளர்க்கும், அப்புறம் நின்றுவிடும். என் மண்வெட்டி இருபது வருஷத்துக்கு முன்னால் என்ன எடையோ அதே எடைதான் இப்பவும். நான் தூக்குகிற புல்லுக்கட்டும் அதே அளவுதான். யூரியா மூட்டை ஐம்பது கிலோவாக இருந்தது, 2018-லிருந்து அதையும் 45 கிலோ ஆக்கிவிட்டார்கள். அறுப்புக்கு மெஷின் வந்துவிட்டது. ஆக, எடை ஏறவே இல்லை. எடை ஏறாத வேலை தாக்குப்பிடிக்கிற சக்தியைத் தரும். நாள் முழுக்கக் குனிந்து நிமிரலாம். ஆனால் பலம் ஏறாது. வயசு ஏற ஏற இருக்கிறதும் கொஞ்சம் கொஞ்சமாகக் கழியும்.

இது எனக்குப் புரிந்தது அம்மா விழுந்த பிறகுதான்.

வருகிற பங்குனி வந்தால் ரெண்டு வருஷம். துவைக்கிற கல் பக்கத்தில் பாசியில் வழுக்கி விழுந்தது. இடுப்பெலும்பு முறிஞ்சு, மதுரையில் ஆபரேஷன். உசிர் பிழைத்து வந்துவிட்டது. ஆனால் பழைய நடை வரவில்லை. வாக்கரைப் பிடித்து நாலு எட்டு வைக்கும், அவ்வளவுதான். கட்டிலில் இருந்து எழுப்பணும், நாற்காலியில் உட்கார வைக்கணும், குளிக்கிற ஸ்டூலுக்கு மாற்றணும், திரும்பக் கட்டில். ஒரு நாளைக்கு ஆறு தடவை. அம்மா 54 கிலோ. நெல்லு மூட்டையை விடக் குறைவுதான். ஆனால் மூட்டையைத் தோளில் போடலாம், நழுவினால் விட்டுவிடலாம். அம்மாவை விட முடியாது.

மூணாம் மாசம் ஒருநாள் விடியக்காலை, தூக்கி நிமிரும்போது என் இடுப்பு பிடித்துக்கொண்டது. அம்மாவைக் கட்டிலிலேயே மெதுவாக இறக்கிவிட்டு, நான் தரையில் உட்கார்ந்தவன் ஒரு மணி நேரம் எழுந்திருக்கவில்லை. அன்றைக்கு அம்மா சொன்னது இன்னும் காதில் கிடக்கு: "என்னைய ஆஸ்பத்திரியில கொண்டுபோய் விட்டுர்றா. உன்னையும் படுக்கையில போட்டுட்டு நான் எதுக்கு?"

பிசியோதெரபி செய்கிற தம்பி ஒருத்தர் ரெண்டு காரியம் சொன்னார். ஒன்று, ஆளைத் தூக்குவதற்கு முறை இருக்கு. குனிந்து அள்ளக்கூடாது, கட்டில் ஓரத்துக்கு அவரை நகர்த்தி, நம்ம காலை அகட்டி, அவருடைய மீதிப் பலத்தையும் சேர்த்துக்கொண்டு, ஒட்டினாப்பல நின்று எழுப்பணும். முடிந்தவரை ரெண்டு பேர் நிற்கணும். அதை என் வீட்டுக்காரிக்கும் எனக்கும் சொல்லிக் கொடுத்தார். ரெண்டாவது, "வலி அடங்கினதும் பலம் ஏத்துங்க அண்ணே. உங்களோட முழுப் பலமே அறுபது கிலோன்னா, 54 கிலோ தூக்குறது ஒவ்வொரு தடவையும் பரீட்சை. முழுப் பலம் நூறுன்னா அதே 54 சாதாரண வேலை" என்றார். இதைவிடத் தெளிவாக யாரும் எனக்குச் சொன்னதில்லை.

அந்த ஆவணியில் டவுனில் ஒரு ஜிம்மில் சேர்ந்தேன். மாஸ்டர் நல்ல பையன். அட்டை ஒன்றில் எழுதிக் கொடுத்தார்: எட்டு வகைப் பயிற்சி, ஒவ்வொன்றும் நாலு செட், 15, 12, 10, 8. காலேஜ் பசங்களுக்குக் கொடுத்த அதே அட்டை. நான் எதற்கு வந்திருக்கேன்னு அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை, அது என் தப்பு.

வீட்டுக்கு வந்து கூட்டிப் பார்த்தேன். ஒரு பயிற்சிக்கு 45 ரெப். எட்டுக்கும் சேர்த்து 360. முதல் ரெண்டு வாரம் ஓடினது. அப்புறம் எங்க பக்கம் பெரியாறு வாய்க்காலில் தண்ணி விட்டார்கள். மேலூர் பக்கம் எங்களுக்கு ஒருபோகம்தான், தண்ணி வந்தால் மற்ற எதையும் பார்க்க முடியாது. தொழி உழவு, வரப்பு வெட்டு, நாற்றுப் பறி. பகலெல்லாம் சேற்றில் நின்றுவிட்டு, சாயங்காலம் பைக்கில் போய் 360 தடவை தூக்கி இறக்கினால் உடம்பு என்ன ஆகும்? ராத்திரி அம்மாவை எழுப்பும்போது என் கை நடுங்கியது. எந்த வேலைக்காகப் பலம் தேடிப் போனேனோ அந்த வேலைக்கே பலம் இல்லாமல் போச்சு. ஐப்பசி பிறக்கும் முன்பே நின்றுவிட்டேன்.

அந்த அட்டை தப்பு என்று நான் சொல்லவில்லை. இருபது வயசில், வேறு வேலை இல்லாமல், நல்லாச் சாப்பிட்டுத் தூங்குகிற பையனுக்கு அதில் உடம்பு போடும். அந்த அட்டைக்கு என் வயல் தெரியாது, என் அம்மாவையும் தெரியாது.

நடவு முடிந்து கொஞ்சம் மூச்சு விட்டதும், இந்த எண்களெல்லாம் எங்கிருந்து வந்தது என்று தேடிப் படித்தேன். விதை வாங்கும்போது எந்த ஊர் ரகம், எத்தனை நாள் பயிர் என்று கேட்கிற பழக்கம்தான். எல்லாரும் சொல்கிற அந்த 'மூணுக்குப் பத்து' ஜிம்மில் பிறந்தது இல்லை, ஆஸ்பத்திரியில் பிறந்தது. ரெண்டாம் உலகப் போர் சமயம், சிகாகோவில் ராணுவ ஆஸ்பத்திரியில் தாமஸ் டிலோர்ம் என்று ஒரு டாக்டர். முழங்கால் அடிபட்ட சிப்பாய்களுக்கு அந்தக் காலத்தில் லேசான அசைவுதான் கொடுப்பார்களாம். இவர் எடையைக் கட்டித் தூக்க வைத்தார். 1945-ல் அதை எழுதினார். முதலில் பத்துப் பத்தாக ஏழு முதல் பத்து செட் வரை கொடுத்தவர், அவ்வளவு தேவையில்லை என்று பிறகு குறைத்தார். 1948-ல் வாட்கின்ஸ் என்ற இன்னொரு டாக்டரோடு சேர்ந்து எழுதினபோது மூணு செட்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று இருக்கு. அந்த மூணு செட்டும் ஒரே எடை கிடையாது. ஒருத்தர் பத்துத் தடவை மட்டுமே தூக்கக்கூடிய எடை எதுவோ, முதல் செட் அதில் பாதி, ரெண்டாவது முக்கால், மூணாவதுதான் முழுசு. அதாவது உண்மையான செட் ஒன்றே ஒன்றுதான், முந்தின ரெண்டும் உடம்பைத் தயார் பண்ண. அந்த மூணுக்குப் பத்தை இன்றைக்கு மூணு தடவையும் நாக்குத் தள்ளத் தூக்குகிறார்கள். தனக்குக் கீழே அடிபட்ட காலோடு ஒருத்தர் படுத்திருந்தார் என்பதை அந்த எண் மறந்துவிட்டது.

1962-ல் ரிச்சர்ட் பெர்ஜர் என்பவர் காலேஜ் மாணவர்களைப் பல கூட்டமாகப் பிரித்து பன்னிரண்டு வாரம் பார்த்தார். ஒரு செட், ரெண்டு செட், மூணு செட். அதில் ரெண்டு ரெப், ஆறு ரெப், பத்து ரெப். பலம் அதிகம் ஏறினது மூணு செட் ஆறு ரெப் செய்தவர்களுக்கு. அஞ்சுக்கு அஞ்சு வந்தது வேறு வழி. இங்கிலாந்துக்காரர் ரெஜ் பார்க் என்ற பயில்வான் 1960 வாக்கில் அதைப் பரப்பினார். 1976-ல் பில் ஸ்டார் எழுதின புத்தகம் அதை அமெரிக்கக் கால்பந்து ஆடுகிற பையன்களுக்குக் கொண்டு போனது. அதற்குப் பிறகு நடந்த ஆராய்ச்சிகளைச் சுருக்கினால் இவ்வளவுதான்: சதை போடணும் என்றால் ஆறு ரெப்பிலும் வரும், இருபது ரெப்பிலும் வரும், செட் முடியும்போது உண்மையிலேயே கஷ்டப்பட்டிருக்கணும். பலம் ஏறணும் என்றால் கூடின எடையைக் குறைந்த ரெப்பில் தூக்கிப் பழகணும். எதைப் பழகுகிறோமோ அதுதான் வரும்.

ஆக, மருமகன் கேட்ட 'எது நல்லது' என்ற கேள்விக்குப் பதில் எண்ணில் இல்லை. எதற்கு என்பதில்தான் இருக்கு. என் கணக்கைச் சொல்கிறேன், பாருங்க.

என் வேலை என்ன? ஒரு ஆளை ஒரு தடவை எழுப்பணும். அப்புறம் ரெண்டு மணி நேரம் கழித்து இன்னொரு தடவை. யாரும் அம்மாவைத் தொடர்ந்து பதினைந்து தடவை தூக்கி இறக்கப் போறதில்லை. அப்படியானால் எனக்கு 15 ரெப் எதற்கு? பதினைந்தில் பத்தைத் தாண்டினதும் மூச்சு வாங்கும், முதுகு வளையும். வளைந்த முதுகோடு தூக்கிப் பழகினால் அதுவே பழக்கமாகிவிடும். எனக்கு வேண்டியது குறைந்த ரெப், நல்ல எடை, ஒவ்வொன்றும் ஒழுங்கான ரெப்.

அறுப்பு முடிந்து மாசியில் மறுபடி ஆரம்பித்தேன், இந்தத் தடவை வீட்டில். மதுரையில் பழைய சாமான் கடையில் ஒரு கம்பியும் தட்டுகளும் வாங்கினேன். மாட்டுக்கொட்டகைக்குப் பக்கத்தில் சிமெண்ட் தரை. கம்பியைத் தரையில் இருந்து எடுக்காமல், ரெண்டு பழைய டயர் மேல் வைத்து முழங்கால் உயரத்தில் இருந்து தூக்கினேன், கட்டில் உயரமும் ஏறக்குறைய அதுதானே. இதுதான் டெட்லிஃப்ட். மூணு செட், அஞ்சு ரெப். கூடவே மணல் மூட்டையை நெஞ்சோடு அணைத்து உட்கார்ந்து எழுவது மூணு செட், எட்டு ரெப். குனிந்து நின்று எடையை வயிற்றுக்கு இழுப்பது அதே மாதிரி மூணுக்கு எட்டு. மொத்தம் ஒன்பது செட். வாரத்தில் ரெண்டே நாள். முக்கால் மணி நேரம்.

ஆரம்ப எடை 30 கிலோ. என்னால் அதற்கு மேலும் தூக்க முடியும்தான், ஆனால் தூக்கவில்லை. பதினைந்து ரெப்பும் முதுகு வளையாமல் வந்தால் அடுத்த தடவை ரெண்டரைக் கிலோ கூட. வரவில்லை என்றால் அதே எடை. 'இன்னும் ரெண்டு தூக்கலாம்' என்று தோன்றும்போது நிறுத்திவிடணும். இவ்வளவுதான் சட்டம். பால் கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் தேதி, எடை, ரெப் எழுதி வைத்தேன்.

ஆறு வாரத்தில் 60. அதன் பிறகு தடவைக்குத் தடவை ஏற முடியவில்லை, வாரத்துக்கு ஒருமுறை ஏற்றினேன். 72.5-ல் முட்டி நின்றது. நோட்டில் அப்படியே இருக்கு: 5, 5, 3. அடுத்த வாரம் 5, 4, 3. ரெண்டு வாரம் தொடர்ந்து குறைந்தால் பத்தில் ஒரு பங்கு இறக்கணும் என்பது நான் படித்த வழக்கம். 65-க்கு இறங்கினேன். மனசுக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது. நாலாவது வாரம் அதே 72.5 பதினைந்தும் வந்தது. ஆடிக்குள் 85.

புரட்டாசியில் மறுபடி வாய்க்கால் தண்ணி. இந்தத் தடவை போன வருஷத் தப்பைச் செய்யவில்லை. எடையைக் குறைக்காமல் செட்டைக் குறைத்தேன். வாரத்துக்கு ஒரு நாள், தயார் பண்ணிக்கொண்டு, 85 கிலோ ஒரே செட் அஞ்சு ரெப். பத்து நிமிஷம். பலத்தை ஏற்றுவதற்குத்தான் நிறைய வேலை வேணும், ஏறினதைக் காப்பாற்றக் கொஞ்சம் போதும், எடை மட்டும் குறையக்கூடாது. நடவு முடிந்து வந்து பார்த்தால் 85 அப்படியே இருந்தது. கார்த்திகையில் இருந்து திட்டத்தை மாற்றினேன்: அஞ்சு செட், மூணு ரெப். அதே பதினைந்துதான், ஆனால் அடிக்கடி புதுசாக நின்று புதுசாகத் தூக்குவதால் ஒவ்வொன்றும் முதல் ரெப் மாதிரி சுத்தமாக வரும். பொங்கலுக்கு 97.5.

மாற்றினது அலுப்பினால் இல்லை. பழைய திட்டம் கொடுக்க வேண்டியதைக் கொடுத்து முடித்துவிட்டது என்று நோட்டு சொன்னதால். மருமகனிடம் நான் சண்டை போடுவது இந்த இடத்தில்தான்.

பொங்கலுக்கு வந்திருந்தவன் என் கம்பியைப் பார்த்துச் சிரித்தான். டயரை எடுத்துவிட்டு, தரையில் இருந்து 110 கிலோவை நாலு தடவை தூக்கிக் காட்டினான். இருபத்தெட்டு வயசு, என்னை விடப் பலசாலிதான், மறுக்கவில்லை. "மூணு வருஷம் முன்னாடி எவ்வளவு மாப்ள தூக்குன?" என்று கேட்டேன். போனை எடுத்துத் தேடினான். அதே 110. நடுவில் அவன் மாற்றின திட்டங்கள் ஒன்பது. ஒரு மாசம் அஞ்சுக்கு அஞ்சு. யாரோ வீடியோவில் சொன்னார்கள் என்று பத்துக்குப் பத்து. ஒரு மாசம் கோபுரம் மாதிரி ஏறி இறங்குகிற ரெப். நடுவில் தோள் வலி, ஓய்வு, மறுபடி முதலில் இருந்து.

நாற்றை ஒரு தடவை பிடுங்கி நடலாம். அதற்கு ஒரு வாரம் மஞ்சள் தட்டி வாடி நிற்கும். அப்புறம் வேர் பிடித்து, பச்சை கட்டி, தூர் வெடிக்கும். மஞ்சளாக இருக்கேன்னு பதறி மறுபடி பிடுங்கி வேறு வயலில் நட்டால்? அங்கேயும் ஒரு வாரம் மஞ்சள். இப்படி வாராவாரம் நட்டுக்கொண்டே இருந்தால் நாள் முழுக்க வேலை செய்த மாதிரி இருக்கும், களத்துக்கு ஒரு மரக்கால் நெல் வராது. புதுத் திட்டத்தின் முதல் ரெண்டு வாரம் உடம்பு வலிக்கும். அந்த வலியை முன்னேற்றம் என்று நம்புகிறார்கள். வலி போனதும் 'இது வேலை செய்யலை' என்று மாற்றுகிறார்கள். உண்மையான ஏற்றம் வலி போன பிறகுதான் தொடங்குது.

நகரத்து ஆட்களுக்கு ஒரு நியாயம் இருக்கு, அதையும் சொல்லணும். 'அலுத்துப் போகுது, மாத்தினால்தான் ஜிம்முக்கே போகத் தோணுது' என்பார்கள். போகாமல் இருப்பதற்கு மாற்றிக்கொண்டாவது போவது மேல்தான். பத்து வருஷமாகத் தூக்குகிறவர்களுக்கு நான் சொல்கிற இந்த ரெண்டரைக் கிலோ கணக்கு ஓடாது, அவர்களுக்குக் கூடின வாரம், குறைந்த வாரம் என்று வகுத்துத்தான் ஆகணும். நான் பேசுவது அவர்களிடம் இல்லை. நாலு வருஷம் பணம் கட்டியும் முதல் வருஷ எடையிலேயே நிற்கிறவர்களிடம்.

கிரேக்கக் கதை ஒன்று சொல்வார்கள். மிலோ என்று ஒரு மல்லன், ஒரு கன்றுக்குட்டியைத் தினமும் தோளில் தூக்கினானாம், கன்று வளர வளர இவன் பலமும் வளர்ந்து கடைசியில் காளையையே தூக்கினானாம். கதை கட்டினவர் மாடு வளர்த்தவர் இல்லை என்பது என் சந்தேகம். கன்று நமக்காகக் காத்திருக்காது. நமக்குக் காய்ச்சல் என்றாலும் அது வளரும், நடவு என்றாலும் வளரும். ஆறு மாசத்தில் நம்மை மிதித்துவிட்டுப் போகும். இரும்பு அப்படி இல்லை, விட்ட இடத்தில் காத்திருக்கும். ரெண்டரைக் கிலோ போதும் என்றால் ரெண்டரைதான் ஏறும்.

எங்க ஊர் மந்தையில் இளவட்டக்கல் ஒன்று பாதி புதைந்து கிடக்கு. அதைத் தூக்கினால்தான் பெண் கொடுப்பார்கள் என்று எல்லாரும் பேசுவது. நெல்லைச் சீமையில் வடலிவிளை ஊரில் இன்றைக்கும் பொங்கலுக்குப் போட்டி வைத்துத் தூக்குகிறார்கள், பெண்களும் தூக்குகிறார்கள். ஒருநாள் அப்பாவிடம், நேராகப் போய்த் தூக்கிவிடுவீங்களா என்று சின்ன வயசில் கேட்டிருக்கேன். "கிறுக்கா, முதல்ல குழவிக்கல்லு, அப்புறம் உரலு, அப்புறம் வண்டிச் சக்கரம். ரெண்டு தை போகும்டா அதுக்கு" என்றார். தூக்கினதை ஊர் பார்த்தது, அந்த ரெண்டு வருஷத்தை யாரும் பார்க்கவில்லை.

படிக்கிற உங்களுக்கு உபயோகமாகச் சிலது சொல்லி முடிக்கிறேன். எதற்கு என்று முதலில் ஒரு வரி எழுதுங்க. பிள்ளையைத் தூக்கவா, மாடி ஏற மூச்சு வாங்குதா, சட்டை நிறையத் தோள் வேணுமா, எதுவும் தப்பில்லை. பலம்தான் வேணும் என்றால் மூணிலிருந்து ஆறு ரெப், மூணு முதல் அஞ்சு செட், ஒவ்வொரு செட்டுக்கும் நடுவில் ரெண்டு மூணு நிமிஷம் ஓய்வு. உடம்பு போடணும் என்றால் எட்டிலிருந்து பன்னிரண்டு வசதி: எட்டில் ஆரம்பித்து, மூணு செட்டும் பன்னிரண்டு வருகிற வரைக்கும் எடையைத் தொடாதீங்க, வந்ததும் கொஞ்சம் கூட்டி மறுபடி எட்டிலிருந்து. புதுசாக ஆரம்பிக்கிறவர், முட்டி வலி உள்ளவர், வயசானவர் என்றால் லேசான எடையில் பத்து, பன்னிரண்டு என்று ஆரம்பிக்கலாம், தப்பாகத் தூக்கினாலும் கேடு குறைவு. பிளட் பிரஷர், இருதயக் கோளாறு இருந்தால் டாக்டரைக் கேட்டுவிட்டுத் தொடங்குங்க, தூக்கும்போது மூச்சை அடக்காதீங்க. உங்க வேலையில் நெருக்கடி மாசம் எது என்று பாருங்க, எனக்குப் புரட்டாசி மாதிரி உங்களுக்கு மார்ச் மாசமாக இருக்கும். அந்த மாசம் செட்டைப் பாதியாக்குங்க, நிறுத்தாதீங்க. எதை எடுத்தாலும் ஒரு போகம், மூணு நாலு மாசம், மாற்றாதீங்க. எழுதி வையுங்க. மனசு பொய் சொல்லும், நோட்டு சொல்லாது.

போனில் மருமகன் கடைசியில் சொன்னான்: "சரி மாமா, மூணுக்கு அஞ்சு. சித்திரைத் திருவிழாவுக்கு வர்ற வரைக்கும் மாத்தல." வரும்போது நோட்டைக் கொண்டு வா என்று சொல்லியிருக்கேன். போனில் இருக்கும் கணக்கு வேண்டாம், கையால் எழுதினது. அவன் பயிற்சிக்கு ஒரு 'எதுக்கு'ம் கண்டுபிடித்துக் கொடுத்தாச்சு. லீவுக்கு வருகிற பத்து நாளும் அம்மாச்சியை எழுப்புகிறது அவன் பொறுப்பு, முறையை நான் சொல்லித் தருவேன். ஒத்துக்கொண்டான்.

இன்றைக்குக் காலையில் அஞ்சரைக்கு அம்மாவை எழுப்பினேன். வீட்டுக்காரி ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். எழுந்து நின்றதும் அம்மா வழக்கம் போல என் இடுப்பில் கை வைத்து, "பாத்துடா, பிடிச்சுக்கிறாம" என்றது. பிடிக்கவில்லை. அம்மாவை நாற்காலியில் உட்கார வைத்து, காப்பி கொடுத்துவிட்டு, பால் கறக்கப் போனேன். இன்றைக்கு வெள்ளிக்கிழமை, சாயங்காலம் 100 கிலோ போடணும். அஞ்சுக்கு மூணு.